பாரோ செச்சு சிறுகுழு டூர்: கடைசி இரவு எங்கே படுக்கை?

பூட்டானின் பாரோ செச்சு திருவிழாவுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் வரை அழைத்துப்போகும் ஐந்து இரவு, ஆறு பகல் டூர்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒரே அச்சுதான். மேற்கு வங்கத்தின் பாக்டோக்ரா விமான நிலையத்தில் இறங்கிச் சாலை வழியே எல்லை கடந்து பூட்டானின் எல்லை ஊரான புன்ட்ஷோலிங்கில் ஓர் இரவு, தலைநகர் திம்புவில் ஓர் இரவு, மிச்சம் பாரோ. கொடுக்கும் காசுக்குத் தகுந்த டூரா என்பது இந்த அட்டவணையில் தெரியாது. திருவிழாவின் கடைசி நாளுக்கு முந்தின இரவு எந்த ஊரில் தங்கவைக்கிறார்கள் என்று கேளுங்கள், தெரிந்துவிடும்.

செச்சு ஐந்து நாள் நடக்கும்; பூட்டான் நாட்காட்டியின் இரண்டாம் மாதப் பௌர்ணமியோடு முடியும். அதனால் தேதி வருடத்துக்கு வருடம் நகரும். 2024-ல் மார்ச் 21 முதல் 25 வரை, 2025-ல் ஏப்ரல் 8 முதல் 12 வரை. கடைசி நாள் விடிவதற்கு முன்பே தொங்ட்ரெல் என்னும் பெரிய துணி ஓவியத்தைச் சுவரில் விரித்துத் தொங்கவிடுவார்கள். பட்டுத் துணிகளை வெட்டி ஒட்டித் தைத்த, பல மாடி உயரமுள்ள, பௌத்த குருவான குரு ரின்போச்சேயின் உருவம் அது. பார்த்தாலே பாவம் தீரும் என்பது நம்பிக்கை. நேர் வெயில் துணியில் படக்கூடாது என்பதால் சூரியன் மலைக்கு மேல் ஏறுவதற்குள் சுருட்டி எடுத்துவைத்துவிடுவார்கள். காலை உணவை முடித்துக்கொண்டு ஒன்பது மணிக்குப் போனால் வெறும் சுவரைத்தான் பார்க்க முடியும்.

டூர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். திருவிழா வாரத்தில் பாரோ விடுதிகள் வெகு முன்பே நிரம்பிவிடும். தாமதமாக ஆள் சேர்த்த ஏஜென்சி, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி திம்புவில் அறை போட்டுவிட்டு “பாரோ அல்லது அதற்கு இணையான இடம்” என்று எழுதிக் கொடுக்கும். மலைப்பாதையில் அது ஒரு மணி நேரத்துக்கு மேல். அப்படியானால் இரவு இரண்டு மணிக்கு வண்டி கிளம்பியாக வேண்டும். பன்னிரண்டு பேரில் இருவர் தாமதித்தாலும் கூட்டத்தின் பின்வரிசைதான் கிடைக்கும். முன்பணம் கட்டும் முன் விடுதியின் பெயரையும் ஊரையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த தவறு, தொங்ட்ரெல் பார்த்த அதே நாளில் தக்‌ஷாங் மடத்துக்கு ஏறவைப்பது. மடம் இருப்பது 3,120 மீட்டர் உயரத்தில். போய்வர ஐந்தாறு மணி நேரம் ஆகும். ஏற்றம் முடிந்தது என்று நினைக்கும் இடத்தில் படிகள் அருவி வரை இறங்கி மறுபடி ஏறும். குதிரை பாதி வழிக்குத்தான் உதவும். இறங்கும்போது அதுவும் கிடையாது. தூக்கமில்லாமல் வந்தவர்கள் இந்தப் படிகளில்தான் உட்கார்ந்துவிடுகிறார்கள். நல்ல ஏற்பாட்டாளர், பாரோவின் உயரம் உடம்புக்குப் பழக ஒருநாளாவது விட்டு, தொங்ட்ரெல்லுக்கு முந்தின நாளையும் மறுநாளையும் இலேசாக வைத்துவிட்டு, தக்‌ஷாங்கை வேறொரு நாளுக்குத் தள்ளுவார்.

குழு சின்னதாக இருப்பதன் பலன் நடனக் களத்தில் தெரியும். முதல் நாள் ரின்புங் ஜோங் கோட்டைக்குள் ஆட்டம்; பிறகு வெளியே கல் பாவிய திடலுக்கு மாறும். நாற்காலி, டிக்கெட், அறிவிப்பு எதுவும் இல்லை. இருபத்தைந்து பேர் ஒரே இடத்தில் உட்கார முடியாது. எட்டுப் பேர் முடியும், கைடு சொல்வதும் எட்டுப் பேருக்கும் கேட்கும். கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் ராக்‌ஷா மங்சம் போன்ற நடனம் மணிக்கணக்கில் ஓடும். இறந்தவரை எமன் முன் நிறுத்தி, வெள்ளைத் தேவனும் கறுப்பு அரக்கனும் நன்மை தீமைகளை எடுத்து வாதாடும் கதை அது. விளக்கம் இல்லாவிட்டால் அரை மணியில் பாதிக் குழு கடைவீதிக்கு நழுவிவிடும். சிவப்பு முகமூடிக் கோமாளியான அட்சரா மரத்தில் செய்த ஆண்குறியை நீட்டிக்கொண்டு பார்வையாளர்களிடம் வம்பு செய்வார். அதுவும் சடங்கின் பகுதிதான் என்று முதல் நாளே சொல்லிவைக்கும் கைடு கெட்டிக்காரர்.

விடியற்காலையில் அந்தக் கல்தரை எலும்பு வரை குளிரும், நண்பகலில் வெயில் கொளுத்தும். மடித்து வைக்கும் பாய் ஒன்றும், கழற்றிப் பையில் போடும்படி இரண்டு மூன்று அடுக்கு உடையும் போதும். கோட்டைக்குள் முழுக்கால் சட்டையும் காலர் வைத்த மேல்சட்டையும் வேண்டும், தொப்பியைக் கழற்ற வேண்டும். சன்னதிகளுக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள்.

வண்டியைப் பற்றியும் கேளுங்கள். பன்னிரண்டு பேரை ஹையேஸ் வேனில் அடைத்தால் புன்ட்ஷோலிங்கிலிருந்து மேலேறும் வளைவுகளில் கடைசி வரிசைக்காரர் வாந்தி எடுப்பது உறுதி. எட்டுக்கு மேல் போனால் கோஸ்டர் பஸ் வேண்டும்.

விலையில் கவனிக்க வேண்டியது பூட்டான் அரசின் நிலைத்த வளர்ச்சிக் கட்டணம். இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய், மற்ற வெளிநாட்டவருக்கு 2023 செப்டம்பர் முதல் 100 டாலர். சில ஏஜென்சிகள் இதையும் மடங்களின் நுழைவுக் கட்டணத்தையும் வெளியே வைத்துவிட்டு மலிவு விலை காட்டும். இந்தியர்கள் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை எடுத்துப் போக வேண்டும். ஆதார் செல்லாது, ஒருவர் எல்லையில் நின்றாலும் குழு முழுவதும் காத்திருக்கும்.

கூடுதல் காசு கொடுத்தாலும் தகும் என்று சொல்லக்கூடியது பண்ணை வீட்டில் ஓர் இரவும் கல் குளியலும். ஆற்றுக் கற்களை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, மரத்தொட்டியின் தடுப்புக்கு அந்தப் பக்கம் போடுவார்கள். தண்ணீர் சீறும், போட்டுவைத்த மூலிகை மணம் எழும். கல் காய மணிக்கணக்கில் ஆகும். மதியமே சொல்லிவிட வேண்டும். சாப்பாட்டில் சைவர்களுக்குத் தொல்லையில்லை, ஆனால் எமா டட்சி என்பது மிளகாயைக் காய்கறியாகப் போட்டுச் சீஸில் வேகவைத்தது. காரம் ஆகாதவர்கள் உருளைக்கிழங்கில் செய்யும் கேவா டட்சி கேட்கலாம்.

திரும்பும் நாள்தான் இன்னொரு பொறி. பாரோவிலிருந்து பாக்டோக்ரா வரை சாலையில் ஒரு முழுப் பகல் ஆகும். பனிமூட்டமோ மண்சரிவோ வந்தால் இன்னும் இழுக்கும். அன்று மாலை விமானத்துக்கு டிக்கெட் போடும் டூர் வேண்டாம். எல்லையிலோ பாக்டோக்ராவுக்குப் பக்கத்துச் சிலிகுரியிலோ ஓர் இரவு இருக்கட்டும். பூட்டான் நாணயமான நுல்ட்ரமும் இந்திய ரூபாயும் சம மதிப்புதான், ஆனால் இந்தியக் கடையில் நுல்ட்ரத்தை வாங்குவார்கள் என்று நம்ப முடியாது. கையில் மிஞ்சியதைப் புன்ட்ஷோலிங்கிலேயே செலவழித்துவிடுங்கள்.