லண்டனிலிருந்து பாரிஸ்: விமானமா, யூரோஸ்டார் ரயிலா?

லண்டனின் ஹீத்ரோவுக்கும் பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 350 கிலோமீட்டர். கால அட்டவணையில் ஒன்றே கால் மணி நேரப் பயணம். வானில் இருப்பது அதிலும் குறைவு. பலர் இதைப் பார்த்தே டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள்.

நேரம்
விமானம்: நகரிலிருந்து ஹீத்ரோவுக்கு அரை மணிக்கு மேல், பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு, இறங்கியதும் பாஸ்போர்ட் வரிசை, பிறகு பாரிஸுக்குள் செல்ல ஆர்.இ.ஆர். புறநகர் ரயிலில் இன்னொரு அரை மணி. கூட்டினால் நான்கரை, ஐந்து மணி.
ரயில்: லண்டனின் செயின்ட் பேங்கிராஸ் ரயில் நிலையத்திலிருந்து பாரிஸின் கார் து நோர் நிலையம் வரை சுமார் இரண்டே கால் மணி. பிரான்ஸ் நாட்டுக் குடிவரவுச் சோதனையும் லண்டனிலேயே முடிவதால் இறங்கியவுடன் நடையைக் கட்டலாம். முன்னதாகச் செல்லும் நேரத்தையும் சேர்த்தால் நான்கு மணிக்குள் அடங்கும்.

பெட்டி
விமானம்: மலிவு டிக்கெட்டில் பெரும்பாலும் கைப்பை மட்டும்.
ரயில்: இரண்டு பெட்டி, ஒரு கைப்பை.

கட்டணம்
இரண்டுமே கடைசி நேரத்தில் கையைக் கடிக்கும். விமானக் கட்டணத்தோடு நிலையத்துக்குப் போய்வரும் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

சென்னையிலிருந்து ஹீத்ரோ வந்து உடனே பாரிஸ் செல்பவருக்கு இணைப்பு விமானமே சரி. பெட்டியோடு நகரைக் கடப்பது வீண் அலைச்சல். லண்டனில் தங்கியிருப்பவர் ரயிலையே எடுக்கலாம். கார் து நோரிலிருந்து நடந்தே லா ஷப்பல் தமிழ்க் கடைகளுக்குப் போய்ச் சாப்பிடலாம். எதில் போனாலும் ஷெங்கன் விசா (பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) தேவைப்படுவோர் அதை முதலில் வாங்கிவிட வேண்டும்.