டாக்டரிடம் போவதற்கு முந்தின வாரம்: வீட்டு பிபி மிஷின் அனுபவம்

வீட்டுக்கு பிபி மிஷின் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான். நினைத்த நேரமெல்லாம் அளந்து பயந்துகொண்டிருப்பதற்கு என்றால் வேண்டாம். டாக்டரைப் பார்க்கும் முன் ஒரு வாரம் ஒழுங்காக அளந்து எழுதிக்கொண்டு போவதற்கு என்றால் தாராளமாக வாங்குங்கள்.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பல வருஷமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். திண்டுக்கல்லில் நாங்கள் காட்டும் டாக்டரிடம் எப்போதும் கூட்டம். டோக்கன் போட்டுக் காத்திருந்து, பெயரைக் கூப்பிட்டதும் பதறி எழுந்து உள்ளே போகிறவருக்கு அங்கே 160க்குக் குறைந்து வருவதே இல்லை. கிடைக்கிற ஐந்து நிமிடத்தில், அந்த ஒரே எண்ணை வைத்து மாத்திரையைக் கூட்டலாமா வேண்டாமா என்று டாக்டர் முடிவு செய்ய வேண்டும். "ஒரு வாரம் வீட்டுல பாத்து எழுதிட்டு வாங்கம்மா, அப்புறம் பேசலாம்" என்று அவர்தான் சொன்னார்.

நாங்கள் வாங்கியது மேல்கையில் பட்டை சுற்றும் வகை. மருந்துக்கடையில் 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. மணிக்கட்டில் கட்டுவதையும் எடுத்துக் காட்டினார்கள். கையை நெஞ்சு மட்டத்தில் சரியாகப் பிடித்தால்தான் அது நம்பும்படி காட்டும் என்பதால் வேண்டாம் என்றுவிட்டோம். ஒரே பட்டன், பெரிய எண்கள். அப்பா யார் துணையும் இல்லாமல் போட்டுக்கொள்கிறார்.

குறைகளும் உண்டு. திரையில் வெளிச்சம் இல்லை, விடியற்காலையில் லைட்டைப் போட்டால்தான் தெரியும். அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். பெரிய தொல்லை மெமரிதான். யார் அளந்தாலும் ஒரே வரிசையில் ஏறிவிடுகிறது. பக்கத்து வீட்டு அத்தை ஒருநாள் வந்து பார்த்துக்கொண்டால் அதுவும் அப்பா கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் நோட்டுதான். அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், கட்டம் போட்டு எழுதுவதில் அவரை மிஞ்ச முடியாது. தேதி, நேரம், மேல் எண், கீழ் எண், நாடித்துடிப்பு, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் 'இரவு தூக்கம் இல்லை', 'கருவாட்டுக் குழம்பு' எல்லாம் ஏறும்.

எப்படி அளக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து, காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால் ஒரு தடவை. ராத்திரி படுக்கப் போகும் முன் ஒரு தடவை. முதுகு சாய்ந்து, கால் இரண்டும் தரையில் பதிந்து, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். எங்கள் சாப்பாட்டு மேஜை கொஞ்சம் தாழ்வு. கைக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் பட்டை நெஞ்சு மட்டத்துக்கு வருகிறது. பட்டை வெறும் கையில்தான், சட்டைக்கு மேல் சுற்றக் கூடாது. முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே இருக்கட்டும். அளக்கும்போது பேசக் கூடாது. பேசினால் ஏற்றிக் காட்டும். அப்பாவுக்கு இதுதான் கஷ்டம், டிவியை அணைத்த பிறகே வாயை மூடுவார். ஒரு நிமிடம் விட்டு மறுபடி அளந்து, இரண்டையும் எழுத வேண்டும். முதலாவது பெரும்பாலும் கூடத்தான் இருக்கும். நல்லதாக வந்ததை மட்டும் எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

டாக்டர் முதல் நாள் கணக்கைத் தள்ளிவிட்டு மீதியைச் சராசரி போட்டார். ஆஸ்பத்திரியில் 140/90 எல்லை என்றால், வீட்டில் அளப்பதற்கு 135/85 என்றார். அப்பாவின் சராசரி அதற்குக் கீழேதான் இருந்தது. மாத்திரையைக் கூட்டவில்லை. அதோடு குறிப்புக் கட்டத்தில் இரண்டு இடத்தில் 'எழுந்ததும் தலைசுற்றல்' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, "ஐயா, நின்னுக்கிட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டு, அங்கேயே படுக்க வைத்தும் நிற்க வைத்தும் அளந்தார். நின்றதும் மேல் எண் 20 எண்ணுக்கும் அதிகமாகக் குறைந்தது. அதனால் மாத்திரையைக் கூட்டாமல் வேறு மாத்திரைக்கு மாற்றினார். வாயால் கேட்டிருந்தால் அப்பா "ஒண்ணும் இல்லீங்க, நல்லா இருக்கேன்" என்று சொல்லி எழுந்து வந்திருப்பார்.

நோட்டோடு ஒரு மஞ்சப்பையும் போகும். அதில் வீட்டில் அவர் சாப்பிடும் எல்லா மாத்திரையும் அட்டையோடு இருக்கும், மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கியது உட்பட. டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகளும், மூக்கடைப்புக்குப் போடும் சில சளி மாத்திரைகளும் பிரஷரை ஏற்றும். பையைப் பார்த்துத்தான் டாக்டர் அந்த வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னார். மிஷினையும் ஒரு தடவை கொண்டுபோய் அவருடைய கருவியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்களுடையது நான்கைந்து எண் வித்தியாசத்துக்குள் ஒத்துப்போனது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 180/120க்கு மேல் காட்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் குளறல், கை கால் மரத்துப்போவது என ஏதாவது இருந்தால் திரும்பத் திரும்ப அளந்துகொண்டு உட்காராதீர்கள். உடனே 108க்குக் கூப்பிடுங்கள். நோட்டும் டோக்கனும் அந்த நேரத்துக்கு இல்லை.

கடைக்குப் போகும் முன் தையல் டேப்பால் மேல்கையின் நடுப்பகுதியைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். எங்கள் பட்டை 22 முதல் 32 செ.மீ. வரைதான். அம்மாவுக்குக் கை மெலிசு, 20தான் வருகிறது. பட்டை பெரிசாக இருந்தால் குறைத்துக் காட்டும், சிறிசாக இருந்தால் கூட்டிக் காட்டும். அம்மாவுக்கென்று சின்னப் பட்டை ஒன்றை அதே கடையில் சொல்லி வைத்து வாங்கினோம். வந்து சேர ஒரு வாரம் ஆனது, ஆகவே டாக்டரிடம் போகும் தேதிக்கு முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.