வான்கோழி வறுக்க கம்பி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர்

அமெரிக்கக் கடைகளில் விற்கும் பல வான்கோழிகளின் மார்பில் ஒரு பிளாஸ்டிக் குமிழ் செருகியிருக்கும், வெந்ததும் மேலெழும்பும். அதை நம்பினால் பெரும்பாலும் மார்புக்கறி சக்கைதான்.

கம்பி இணைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் உருப்படியான செலவு. ஓவன் கதவைத் திறக்காமலே வெளியே உள்ள திரையில் சூடு தெரியும். ஊசியைத் தொடையின் தடித்த இடத்தில் செருகுங்கள். எலும்பில் பட்டால் அளவு தவறும். 165 டிகிரி ஃபாரன்ஹீட் (74 செல்சியஸ்) வந்ததும் மார்பிலும் குத்திப் பாருங்கள். அங்கும் அதே அளவு இருந்தால் வெளியே எடுத்து, அரை மணி நேரம் விட்டு வெட்டலாம். உடனே வெட்டினால் சாறு பலகையில்தான் ஓடும்.

குறையும் உண்டு. ஊசியும் கம்பியும் சேருமிடத்தில் தண்ணீர் புகுந்தால் கருவி போச்சு. கழுவாமல் ஈரத்துணியால் துடையுங்கள். வாங்கியதும் ஐஸ் தண்ணீரில் ஊசிமுனையை மட்டும் வைத்துப் பாருங்கள்: 32 டிகிரி ஃபாரன்ஹீட் (0 செல்சியஸ்) அளவில் காட்டாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.