நீர்மட்ட வரைபடமா, வெப்பமானியா: ஆற்றின் நிலையறிய எது துணை?

ட்ரவுட், சால்மன் மீன்களுக்குத் தூண்டில் போடுவோர் ஆற்றின் நிலையை அறிய, செல்பேசியில் வரும் நீர்மட்ட வரைபடத்தையோ கரையில் நின்று தாமே எடுக்கும் அளவையோ நாடுகின்றனர். நெடுங்காலம் வரைபடமே போதும் என்றிருந்த நான், இரண்டு பருவங்களாக ஒரு சிறிய வெப்பமானியின் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

வரைபடத்தின் பயன் வெளிப்படையானது: மட்டம் ஏறுகிறதா, வடிகிறதா என்பது வீட்டிலிருந்தே தெரிந்துவிடுவதால் வீண் அலைச்சல் மிச்சமாகிறது. ஆனால், வரைபடத்துக்கு எண்ணைத் தரும் மட்டக்கோல் (ஆற்றில் நட்டிருக்கும் அளவுகோல்) ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு அடிப்புள்ளியிலிருந்து அளப்பதால், ஓர் ஆற்றில் நல்ல நீரோட்டத்தைக் குறிக்கும் 0.6 மீட்டர், இன்னோர் ஆற்றில் வறட்சியைக் குறிக்கலாம். நீர் சேறாகக் கலங்கியுள்ளதா, கடுந்தேநீர் நிறத்தில் தெளிந்துள்ளதா என்பதையும் அந்தக் கோடு காட்டாது.

என் முடிவை மாற்றியது நீரின் சூடுதான். 10 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத் தாங்கும் நீர், 20 டிகிரியில் சுமார் 9 மில்லிகிராமையே தாங்கும். மீனின் உடலுக்கோ அந்தச் சூட்டில்தான் ஆக்ஸிஜன் கூடுதலாகத் தேவைப்படும். வரவு குறைந்து செலவு கூடும் அவ்வேளையில் தூண்டிலோடு போராடிக் களைத்த ட்ரவுட், விடுவித்ததும் நீந்திச் சென்றாலும் பின்னர் இறந்துபோகக்கூடும். சென்ற கோடையில் மூன்று நாட்களாக வரைபடம் நேர்கோடாகவே கிடந்தது. ஆற்றின் ஒரே வளைவில் காலையில் 15 டிகிரி காட்டிய வெப்பமானி பிற்பகலில் 21 காட்டவே, தூண்டிலைச் சுருட்டிவிட்டேன். வெப்பமானியைக் கரையோரத் தேங்கலில் நனைத்துப் பார்ப்பதில் பொருளில்லை. நூலில் கட்டி, நிழலுள்ள ஓட்டத்தில் ஒரு நிமிடமாவது அமிழ்த்தி, நீருக்குள் இருக்கும்போதே எண்ணைப் பார்த்துவிட வேண்டும்.

சால்மனைப் பொறுத்தவரை என் அனுபவம் சில நாட்களே என்பதால், இதே உறுதியோடு பேச மாட்டேன். நன்னீருக்குள் ஏறிய சால்மன் இரை தேடுவதை ஏறக்குறைய நிறுத்திவிடுவதால், பசியை வைத்துப் போடும் கணக்கு அதனிடம் செல்லாது. பெருகும் நீரில் மேலேறி, வடிந்து தெளியும் நீரில் மடுக்களில் தங்கும் அம்மீனுக்கு வடியத் தொடங்கும் நேரமே முக்கியம். கடுங்குளிரில் அது தடுப்பணைகளைத் தாண்டத் தயங்கும் என்பதால் வெப்பமானிக்கு அங்கும் சிறிது வேலையுண்டு. ஆயினும் மழைக்குப் பின் கோடு கீழ்நோக்கித் திரும்பும் அந்தச் சில மணி நேரத்திற்காகவே செயலியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.