உப்புத் தண்ணீரில் நின்றுபோன காப்பி இயந்திரம்

பல்லடத்துக்கும் சூலூருக்கும் இடைப்பட்ட எங்கள் ஊர் வீட்டில் ஒன்றரை ஆண்டுகளாக ஒரு கேப்சூல் காப்பி இயந்திரம் இருக்கிறது. தூள் அடைத்த கேப்சூல் என்னும் சிறு குப்பியை உள்ளே வைத்தால், அதன் வழியே வெந்நீரை அழுத்தி ஒரு முறைக்கு ஒரு கோப்பை மட்டும் தரும் சிறிய வகை. இணையத்தில் 13,500 ரூபாய்க்கு வாங்கினேன். இந்தக் காலத்தில் அது இரண்டு முறை நின்றுபோயிற்று, இரண்டு முறையும் வீட்டிலேயே சரிசெய்தேன். இத்தகைய இயந்திரங்களைப் பற்றி வரும் மதிப்புரைகள் பெரும்பாலும் பெட்டியைப் பிரித்த வாரத்திலேயே எழுதப்படுவதால், நுரையையும் மணத்தையும் தாண்டி அவற்றில் எதுவும் இருப்பதில்லை. பழுதானால் என்ன ஆகும் என்பதை அறிந்து வாங்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இந்த வகை இயந்திரங்களின் உள்ளமைப்பில் பெரிய வேறுபாடு கிடையாது.

முதலில் காப்பியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கேப்சூலுக்குள் ஏறத்தாழ 5 கிராம் தூள் இருக்கிறது. அதிலிருந்து 40 மில்லி கருங்காப்பி இறங்குகிறது. எரிக் ஃபாவ்ர் என்னும் நெஸ்லே பொறியாளர் 1976இல் காப்புரிமை பெற்ற முறை இது. 1986இல் விற்பனைக்கு வந்தது. அடிப்படைக் காப்புரிமைகள் 2012இல் காலாவதியானதால், இன்று வேறு பல நிறுவனங்களின் கேப்சூல்களும் இதே அளவில் கிடைக்கின்றன. நான் வாங்குவது ஒன்று 40 ரூபாய். 5 கிராமுக்கு 40 ரூபாய் என்றால் கிலோ 8,000 ரூபாய் ஆகிறது என்பதை ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன். கருங்காப்பியாகக் குடிப்பவருக்குச் சுவையில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு டம்ளர் பாலுக்கு அந்த 40 மில்லி ஈடுகொடுக்காது. நாமே தூள் நிரப்பிக்கொள்ளும் எவர்சில்வர் கேப்சூலில் நம் சிக்கரி கலந்த தூளைப் போட்டுப் பார்த்தேன். அது பிசின் போல இறுகிக்கொண்டு சொட்டுச் சொட்டாகவே இறங்கியது. பம்ப்பின் இரைச்சலைக் கேட்ட அம்மா, "ஏங்கண்ணு, அது காப்பி போடுதா, இல்ல மாவு மில்லு ஓட்டுதா?" என்று கேட்டதோடு சரி; இன்றுவரை அவருக்குப் பித்தளை ஃபில்டர்தான்.

முதல் பழுது ஏழாவது மாதத்தில் வந்தது. பொத்தானை அழுத்தினால் பம்ப் வழக்கத்தைவிடப் பலமாக அதிர்ந்தது, ஒரு சொட்டுத் தண்ணீரும் வரவில்லை. இதற்குள் இருக்கும் பம்ப் நம் கிணற்று மோட்டாரைப் போலச் சுழல்வதில்லை. ஒரு மின்கம்பிச் சுருளுக்கு நடுவே சுருள்வில்லோடு கூடிய சிறிய பிஸ்டன் ஒன்று, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அடித்துத் தண்ணீரைத் தள்ளுகிறது. தொட்டி வறண்டிருக்கும்போது ஓடவிட்டால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். அந்தச் சிறு பிஸ்டனால் காற்றை அழுத்தித் தள்ள முடியாமல் வெறுமனே அடித்துக்கொண்டிருக்கும். ஏர்லாக் ஆன மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றிக் காற்றை எடுக்கிற பழக்கம் நம் பக்கத்து விவசாயிகளுக்குப் புதிதன்று, இங்கும் அதே வேலைதான். தொட்டியைக் கழற்றி, அது உட்காரும் இடத்தில் இருக்கும் துளையில், மாட்டுக்கு மருந்து புகட்டும் பெரிய சிரிஞ்சை ஊசியில்லாமல் பொருத்தித் தண்ணீரை மெதுவாக அழுத்தினேன். மூன்றாவது முறை அழுத்தியபின் தொட்டியை மாட்டி ஓடவிட்டதும் தண்ணீர் வந்தது. ஆனால் பம்ப்பை நெடுநேரம் ஓடவிடக் கூடாது. 2 நிமிடம் ஓடினால் 1 நிமிடம் நிறுத்த வேண்டும் என்று அதன் உடலிலேயே அச்சிட்டிருந்ததைப் பின்னாளில் திறந்தபோது கண்டேன்.

தண்ணீர் வந்தாலும் நூல் போலத்தான் வந்தது. கேப்சூல் இல்லாமல் ஓடவிட்டும் அப்படியே இருந்ததால் அடைப்பு தூளில் இல்லை, குழாயில் இருக்கிறது என்பது தெளிவாயிற்று. காரணம் நான்தான். எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர் உண்டு: சில நாட்களுக்கு ஒரு முறை குழாயில் வரும் நல்ல தண்ணீர், ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் வராத கோடை நாட்களில், ஒரு கோப்பைக்கு என்ன கெட்டுவிடப் போகிறது என்று சமையலறைக் குழாயிலேயே பிடித்து ஊற்றிவந்தேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டிடிஎஸ் மீட்டரில் அளந்தபோது நல்ல தண்ணீர் 110 காட்டியது. போர் தண்ணீர் 1,240. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கத்தக்கதாகச் சொல்லும் அளவு 500தான். தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் பிரிந்து சுண்ணாம்பாகப் படிகிறது. வெந்நீர் அண்டாவின் அடியில் நாம் காலங்காலமாகச் சுரண்டி எடுக்கிற அதே வெள்ளைப் படிவுதான் அது. அண்டாவை உரசிக் கழுவலாம், ஒரு சில மில்லிமீட்டர் குழாய்க்குள் நாரை விட்டுத் தேய்க்க முடியாது. சிறுவாணித் தண்ணீர் வரும் கோவைப் பகுதிகளில் வசிப்பவர்கள் இந்தப் பத்தியைப் படிக்காமலே கடந்துவிடலாம்.

நிறுவனம் விற்கும் சுத்திகரிப்புத் திரவத்தின் விலையைப் பார்த்துவிட்டு, மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பையே, அதாவது சிட்ரிக் அமிலத்தையே, பயன்படுத்தினேன். அரை லிட்டர் நல்ல தண்ணீருக்கு 15 கிராம் போதும். அதிகம் போட்டால் விரைவில் கரையும் என்று நினைப்பது தவறு. அமிலம் செறிவாகவும் கரைசல் மிகுந்த சூடாகவும் இருந்தால் கால்சியம் சிட்ரேட் என்னும் வேறொரு படிவு உண்டாகிப் புதிய அடைப்பாக நிற்கும். சிறிது ஓடவிட்டு, நிறுத்தி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி ஓடவிட்டேன். மூன்றாம் சுற்றில் நொய் போல வெள்ளைத் துகள்கள் வந்து விழுந்தன. பிறகு இரண்டு தொட்டி நல்ல தண்ணீரை ஓட்டி அலசினேன். வினிகரைப் பலர் பரிந்துரைக்கிறார்கள், அதன் வாடை ஒரு வாரமானாலும் காப்பியை விடாது.

இரண்டாவது பழுதுதான் இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியது. பதினான்காம் மாதத்தில் ஒரு நாள் காலை இயந்திரம் ஓடியது, தண்ணீர் சீராக வந்தது, ஆனால் பச்சைத் தண்ணீராகவே வந்தது. ஓராண்டு உத்தரவாதம் முடிந்திருந்தது. கோவையில் இருக்கும் சேவை மையத்துக்கு எடுத்துச் சென்றபோது, உதிரிபாகம் மாற்றித் தரும் வழக்கம் இல்லை என்றும், பழையதைக் கொடுத்துவிட்டு 8,000 ரூபாய் கட்டினால் வேறு இயந்திரம் தருவதாகவும் சொன்னார்கள். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் இயந்திரத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கிரைண்டருக்கும் மோட்டாருக்கும் தெருவுக்குத் தெரு காயில் கட்டித் தருகிற ஊரில், திறந்து பார்க்காமலே ஒரு பொருளுக்கு இறுதித் தீர்ப்பு எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

வீட்டுக்கு வந்து கவிழ்த்துப் பார்த்தபோது அடியில் இருந்த திருகுகளின் தலை முட்டை வடிவில், வழவழப்பாக இருந்தது. நட்சத்திரத் தலையோ தட்டைத் தலையோ இல்லை. வாங்கியவர் திறக்கக் கூடாது என்பதற்கென்றே செய்த திருகு. கோவை கணபதி பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பாவிடம் காட்டினேன். அவர் ஒரு இரும்புக் கம்பியின் முனையில் துளையிட்டு, அரத்தால் முட்டை வடிவத்துக்கு ராவி, அரை மணி நேரத்தில் ஒரு திருப்புளி செய்து கொடுத்தார்.

பிளக்கைப் பிடுங்கி, முழுக்க ஆறவிட்டு, தொட்டியைக் காலி செய்தபிறகே திறக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன். தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் பதித்த அலுமினியக் கட்டியில், மின்தடையை அளக்க மல்டிமீட்டரை வைத்தேன். 1,200 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 44 ஓம் காட்ட வேண்டும்; 45 காட்டியது. ஹீட்டர் கம்பிக்கும் உலோக உடலுக்கும் இடையில் தொடர்பு எதுவும் இல்லை; அதாவது கரண்ட் கசிவு இல்லை. மின்சாரம் நின்றுபோன இடம், அதே கட்டியின் மேல் செருகியிருந்த அரிசிமணியைவிடச் சற்றுப் பெரிய வெப்ப ஃபியூஸ். குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் ஒரே ஒரு முறை அறுந்து, இயந்திரம் தீப்பிடிக்காமல் காப்பது அதன் பணி. உள்ளே எஞ்சியிருந்த சுண்ணாம்பு, சூட்டைத் தண்ணீருக்கு விடாமல் கட்டியிலேயே தேக்கியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

எங்கள் ஊர் எலக்ட்ரீசியன் பார்த்துவிட்டு, "இதைய எடுத்துப் போட்டுட்டு டைரக்டாக் குடுத்துட்டா ஓடுமுங்க" என்றார். ஓடும் என்பது உண்மைதான். அடுத்த முறை சூடு மீறும்போது நிறுத்துவதற்கு எதுவும் இருக்காது என்பதும் உண்மை. ஆகவே அதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். காந்திபுரத்தில் ஒரு மின்னணு உதிரிபாகக் கடையில், பழைய ஃபியூஸில் அச்சிட்டிருந்த அதே வெப்ப அளவும் ஆம்பியரும் கொண்டதை 35 ரூபாய்க்கு வாங்கினேன். அதை ஈயம் வைத்துப் பற்ற வைக்கக் கூடாது. சால்டரிங் சூட்டிலேயே புது ஃபியூஸ் அறுந்துவிடும். உலோகக் குழல் செருகி, இடுக்கியால் நசுக்கி இணைத்தேன். மூடித் தண்ணீர் ஊற்றிப் போட்டதும் ஆவி பறந்தது.

இயந்திரத்துக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டரை. பம்ப்பும் ஹீட்டரும் உறுதியானவை, குழாய் இணைப்புகள் கையால் கழற்றும்படி நேர்த்தியாக அமைந்திருக்கின்றன. உள்ளே இவ்வளவு ஒழுங்காகச் செய்தவர்கள் வெளியே அந்த முட்டைத் திருகைப் போட்டதற்கும், 35 ரூபாய்ப் பொருளுக்கு 8,000 ரூபாய் கேட்டதற்கும்தான் குறைத்திருக்கிறேன். தனியாக வசித்து, கருங்காப்பி குடித்து, நல்ல தண்ணீரும் கிடைக்கிறவர் வாங்கலாம். காலையில் ஆறு டம்ளர் பால் காப்பி கலக்கிற வீட்டுக்கு இது ஆகாது.

இப்போது மாதம் ஒரு முறை எலுமிச்சை உப்பு ஓட்டுகிறேன், உப்புத் தண்ணீர் படுவதேயில்லை. இரண்டு வாரமாகக் கேப்சூல் அமரும் இடத்தின் கீழே மெல்லிய கசிவு தெரிகிறது; உள்ளிருக்கும் ரப்பர் வளையம் சூட்டில் தடித்துப்போயிருக்கிறது. அளவெடுத்து வைத்திருக்கிறேன். பம்ப்செட் கடைகளில் எல்லா அளவிலும் வளையம் கிடைக்கும், ஆனால் உணவுக்கு ஏற்ற சிலிக்கானில் வேண்டும் என்பதால் அடுத்த முறை கோவை போகும்போது கேட்டு வாங்க வேண்டும்.