நிக்கல் காட்மியமா, லித்தியம் அயனியா: பயணிகள் விமானத்தின் கடைசி மின்சாரம்

பெரிய பயணிகள் விமானத்தில் மின்சாரத்தை எஞ்சின்களோடு இணைந்த ஜெனரேட்டர்களே தருகின்றன. பேட்டரியின் வேலை குறுகியது. எஞ்சின்கள் ஓடத் தொடங்குவதற்கு முன் விமானி அறைக் கருவிகளை உயிர்ப்பிப்பது, வால்பகுதியில் உள்ள ஏபியு என்னும் துணை எஞ்சினைக் கிளப்புவது, எல்லா ஜெனரேட்டர்களும் ஒருசேர நின்றுபோனால் அடுத்த ஏற்பாடு கைகொடுக்கும்வரை முக்கியமான கருவிகளைத் தாங்குவது ஆகியவையே அதன் பொறுப்பு. இந்தக் குறுகிய வேலைக்கு எந்த வேதியியல் பொருத்தமானது என்பதில் போயிங்கும் ஏர்பஸ்ஸும் 2013இல் வெவ்வேறு முடிவுகளுக்கு வந்தன.

எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் லித்தியம் அயனிக்கே வெற்றி. போயிங் 777இன் நிக்கல் காட்மியம் பேட்டரி 48.5 கிலோ எடையுள்ளது. 787இன் லித்தியம் அயனி பேட்டரியோ 28.6 கிலோதான். நிக்கல் காட்மியத்தில் ஒரு மின்கலம் ஏறத்தாழ 1.2 வோல்ட் மட்டுமே தருவதால் 24 வோல்ட்டை எட்ட 20 மின்கலங்கள் வேண்டும். லித்தியத்தில் அதைவிட உயர்ந்த மின்னழுத்தத்துக்கே எட்டு போதும். அழுத்தக் காற்றால் நடந்துவந்த பல வேலைகளை மின்சாரத்துக்கு மாற்றிய 787, எஞ்சின்களிலும் ஏபியுவிலுமாக மொத்தம் ஆறு ஜெனரேட்டர்களைக் கொண்டது. அத்தகைய விமானத்தின் மின்னமைப்பைத் தரையில் உயிர்ப்பிக்கையில் பேட்டரி குறைந்த நேரத்தில் 150 ஆம்பியர் வரை தர வேண்டியிருக்கிறது. 777இல் இந்தத் தேவை 16 ஆம்பியரைத் தாண்டுவதில்லை. ஆகவே போயிங்கின் தேர்வு வெறும் எடைக் கணக்கினால் வந்ததன்று.

ஆனால் பழுதடையும்போது இரண்டும் நடந்துகொள்ளும் விதம் ஒன்றல்ல. நிக்கல் காட்மியமும் கட்டுமீறிச் சூடாகக்கூடியதே. அதனால்தான் வெப்பநிலைக் கண்காணிப்பு அதற்கும் கட்டாயமாக்கப்பட்டது. எனினும் அதன் மின்பகுளி, அதாவது உள்ளே மின்னூட்டத்தைக் கடத்தும் திரவம், நீரில் கரைந்த காரம், தீப்பற்றாதது. லித்தியம் அயனியில் இருப்பதோ எளிதில் எரியும் கரிமக் கரைப்பான். ஒரு மின்கலத்தில் எழும் சூடு பக்கத்து மின்கலத்துக்குத் தாவினால் அது தானாகவே வளரும்.

2013 ஜனவரி 7 அன்று, பாஸ்டன் லோகன் விமான நிலையத்தில் பயணிகள் இறங்கிய பிறகு நின்றிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் 787 ஒன்றில் ஏபியு பேட்டரி எரிந்தது. ஒன்பது நாள் கழித்து ஆல் நிப்பான் ஏர்வேஸின் மற்றொரு 787, முதன்மைப் பேட்டரியிலிருந்து புகை எழுந்ததால் ஜப்பானின் தகாமாட்சுவில் அவசரமாகத் தரையிறங்கியது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அந்த வகை முழுவதையும் தரையில் நிறுத்தியது. 1979இல் டிசி-10க்கு நேர்ந்ததற்குப் பிறகு ஒரு விமான வகைக்கே இவ்வாறு நேர்ந்தது அதுவே முதல்முறை. ஏர் இந்தியாவின் 787களும் அப்போது நின்றன. பாஸ்டன் தீயைப் புலனாய்ந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், ஒரு மின்கலத்தின் உட்புறக் குறுக்குச்சுற்றே தொடக்கம் என்றது. என்னைக் கேட்டால், அந்த அறிக்கையின் கனமான பகுதி அதற்கடுத்தது: ஒரு மின்கலம் கெட்டாலும் மற்றவற்றுக்குச் சூடு பரவாது என்று வடிவமைப்பின்போது எடுத்துக்கொண்ட அனுமானம் போதிய சோதனையால் உறுதிப்படுத்தப்படவில்லை. புகை எழும் நிகழ்வு ஒரு கோடி பறக்கும் மணிக்கு ஒன்றுக்கும் குறைவாகவே நேரும் என்பது மதிப்பீடு. சேவையில் இருந்த 787கள் எல்லாம் சேர்ந்து சுமார் 52,000 மணி நேரம் பறப்பதற்குள் இரண்டு நேர்ந்துவிட்டன.

போயிங் வேதியியலை மாற்றவில்லை. மின்கலங்களுக்கிடையே காப்பு வைத்தது, சார்ஜ் ஏற்றும் வரம்பைச் சுருக்கியது, முழுப் பேட்டரியையும் எஃகுப் பெட்டிக்குள் அடைத்து, புகை விமானத்துக்கு வெளியே செல்லக் குழாய் அமைத்தது. பெட்டி பேட்டரியைவிடக் கனமானது என்பதால் எடை குறைந்த லாபம் அங்கேயே கரைந்தது. ஆனால் ஏற்பாடு வேலை செய்தது: 2014 ஜனவரியில் நரிட்டாவில் நின்றிருந்த ஒரு 787இல் ஒரு மின்கலம் கெட்டபோது மற்ற ஏழுக்கும் அது பரவவில்லை.

ஏர்பஸ் வேறு வழியில் போயிற்று. ஏ350க்கு லித்தியம் அயனியே திட்டமிடப்பட்டிருந்தும், 2013 பிப்ரவரியில் அதைத் தள்ளிவைத்து நிக்கல் காட்மியத்தோடு சான்றிதழ் பெறத் தீர்மானித்து, 2014 டிசம்பரில் முதல் விமானத்தைக் கத்தார் ஏர்வேஸுக்கு ஒப்படைத்தது. லித்தியம் பிறகே வந்தது. கோழைத்தனம் என்று இதைச் சொல்லக் கூடாது. வேறொருவர் விமானத்தில் காரணம் இன்னும் முழுதாகப் புலப்படாத ஒரு கோளாறுக்காகத் தன் அட்டவணையைப் பணயம் வைக்காத முடிவு அது. இரும்பு பாஸ்பேட் வகை லித்தியம் தீப்பற்றுவதில் நிதானமானது என்பார்கள். அதையும் கண்மூடி நம்புவதற்கில்லை. செஸ்னா சிஜே4 ஜெட்டில் 2011இல் அத்தகைய பேட்டரி ஒன்று எரிந்ததால், அவற்றைக் கழற்றிவிடும்படி உத்தரவு பிறந்தது.

பராமரிப்பில் லித்தியம் சோம்பலுக்கு இடம் தருகிறது. நிக்கல் காட்மியத்தைக் குறித்த காலத்தில் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜை முழுதும் வடித்து, மறுபடி ஏற்றி, தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆயினும் அதிகமாக வடிந்துவிட்டால் நிக்கல் காட்மியம் பிழைத்துக்கொள்ளும். லித்தியத்தைப் பாதுகாப்புச் சுற்று பூட்டிவிடும், பேட்டரியையே மாற்ற வேண்டியதுதான்.

இரண்டுக்கும் மூன்றாவது போட்டியாளர், விமானத்தின் அடியிலிருந்து வெளியே இறங்கி எதிர்க்காற்றில் சுழலும் சிறு காற்றுச்சுழலி. வேகம் இருக்கும்வரை அது மின்சாரமோ எண்ணெய் அழுத்தமோ தந்துகொண்டேயிருக்கும், சார்ஜ் தீராது. ஆனால் தரையிறங்கி வேகம் குறைகையில் ஓய்ந்துவிடும், இறங்கிச் சுழன்று பிடிப்பதற்கும் சில விநாடிகள் வேண்டும். அந்த இடைவெளிகளை நிரப்ப பேட்டரியே வேண்டும். 747-400இல் அந்தச் சுழலி கிடையாது. 2008 ஜனவரியில் பாங்காக்கை நெருங்கிய குவாண்டாஸ் 747 ஒன்றில் சமையலறைப் பகுதியிலிருந்து கசிந்த நீர் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகளில் இறங்க, நான்கு முதன்மை மின்தடங்களில் மூன்று இறந்தன. கேப்டன் பக்கத்துக் கருவிகள் பேட்டரியை நம்பியே இயங்கின. அங்கே இருந்தது பழைய நிக்கல் காட்மியம்தான். பெரும் மின்னோட்டம் கேட்காத, பல நிமிடங்கள் தாங்க வேண்டிய இத்தகைய விமானத்துக்கு நான் இன்றும் அதையே தேர்வேன். 787 போல மின்னமைப்பை உயிர்ப்பிக்கும்போதே 150 ஆம்பியர் கேட்கும் விமானத்துக்கு, எஃகுப் பெட்டியும் வெளியேற்றுக் குழாயும் சேர்ந்தே வருமானால் மட்டும், லித்தியத்தை.