குதிரைக்குத் திரும்பத் திரும்ப வரும் கண் அழற்சி: சொட்டு மருந்தா, சைக்ளோஸ்போரின் வில்லையா, அறுவையா?

குதிரைகளின் பார்வையைப் பறிப்பதில் உலகம் முழுவதும் முதல் இடம் யுவைட்டிஸுக்குத்தான். கண்ணின் உள்பகுதியில் அழற்சி கிளம்பும், சில வாரங்களில் தணியும், மாதங்கள் கழித்து மறுபடி வரும். ஒவ்வொரு முறையும் உள்ளே ஏதாவது சேதம் தங்கிவிடுகிறது. கண்பாவையின் ஓரம் லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும், கண்புரை விழும், விழித்திரை பழுதாகும். இப்போது வந்ததைத் தணிப்பது ஒரு வேலை, அடுத்தது வராமல் தடுப்பது வேறு வேலை. பல உரிமையாளர்கள் முதல் வேலையோடு நின்றுவிடுகிறார்கள். நான் கவலைப்படுவது அதைப் பற்றித்தான்.

கண் வலிக்கும் நாளில் சொட்டு மருந்துக்கு மாற்று கிடையாது. ப்ரெட்னிசலோன் அசிடேட் 1% அல்லது டெக்ஸாமெத்தசோன் 0.1% என்ற ஸ்டீராய்டு சொட்டை ஒரு நாளில் பல தடவை விட வேண்டும். கண்பாவையை விரித்து வைக்க அட்ரோபின் 1%, உடலுக்குள் வலியையும் அழற்சியையும் குறைக்கும் ஃப்ளூனிக்சின். ஆனால் ஸ்டீராய்டைத் தொடுவதற்கு முன் ஃப்ளூரசின் சாயம் விட்டு, கருவிழியில் புண் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்தாக வேண்டும். புண்ணுள்ள கண்ணில் ஸ்டீராய்டு விட்டால் கண்ணே போகலாம். அட்ரோபின் குடலின் அசைவை மந்தமாக்கும், அதனால் சாணம் ஒழுங்காகப் போடுகிறதா என்று தினமும் பாருங்கள். ஃப்ளூனிக்சினை நாள்கணக்கில் நீட்டினால் இரைப்பையும் சிறுநீரகமும் அடி வாங்கும். தலையை உதறி முரண்டு பிடிக்கும் குதிரைக்கு, இமைக்குள் மெல்லிய குழாய் பொருத்தி அதைப் பிடரி மயிர்ப் பின்னலோடு கட்டிவிடுவார்கள். அப்புறம் கழுத்தோரம் நின்றே மருந்து செலுத்தலாம். கண் தெளிந்ததும் மருந்தைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

(இந்தியாவில் கண் மங்கினால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். செட்டேரியா புழு கண்ணுக்குள் புகுந்து நெளிவது இங்கே அபூர்வமல்ல. அதற்கு வழி புழுவை வெளியே எடுப்பதுதான்.)

இதுவரை சொன்ன மருந்து எதுவும் அடுத்த தாக்குதலைத் தடுக்காது. தடுக்க வேண்டுமானால் மூன்று வழிகள் இருக்கின்றன. எது பொருந்தும் என்பது அந்தக் குதிரையைப் பொறுத்தது.

முதலாவது, நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து அடங்கிய வில்லை. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிரையன் கில்கர் குழு வளர்த்தெடுத்த முறை இது. சைக்ளோஸ்போரினைச் சொட்டாக விட்டால் கருவிழியைத் தாண்டி உள்ளே போதுமான அளவு போகாது. அதனால் வெள்ளைவிழியில் சிறு மடிப்பு வெட்டி, அதன் அடியில் வில்லையைப் பதிக்கிறார்கள். அது ஏறக்குறைய மூன்று வருடம் மருந்தைக் கசியவிடும். முழு வேலை காட்ட ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதுவரை சொட்டு தொடரும். கண் அமைதியாக இருக்கும்போதுதான் பதிக்க வேண்டும். சொட்டுக்குக் கட்டுப்பட்டும் திரும்பத் திரும்ப வரும் கண்ணுக்கு இது நல்லது. சேதம் முற்றிப்போன கண்ணில் இதனால் பெரிய பயன் கிடைக்காது.

இரண்டாவது விட்ரெக்டமி, அதாவது கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுக்கும் அறுவை. இதன் வீடு ஜெர்மனி. மியூனிக் பல்கலைக்கழகத்தில் ஹார்ட்மூட் கெர்ஹார்ட்ஸும் பெட்டினா வோலாங்கேயும் இதில் நீண்ட காலம் உழைத்திருக்கிறார்கள். அவர்கள் பிடித்த துப்பு லெப்டோஸ்பைரா, அதாவது நம் ஊரில் எலிக்காய்ச்சல் தரும் அதே கிருமி. அது கண்ணுக்குள் இருக்கும் கூழில் பதுங்கி அழற்சியைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கூழை உறிஞ்சி எடுத்து உப்புநீர்க் கரைசல் நிரப்பினால் தூண்டுதல் போய்விடுகிறது. கிருமி உறுதியான கண்களில் தாக்குதல் நிற்பது நன்றாகவே பதிவாகியிருக்கிறது. மயக்க மருந்து தேவை, செலவு அதிகம், பிறகு கண்புரை வரவும் விழித்திரை விலகவும் வாய்ப்பு உண்டு. ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பி இதற்கு இறங்காதீர்கள். ஆரோக்கியமான குதிரைகளின் ரத்தத்திலும் லெப்டோஸ்பைராவுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் இருக்கும். கண்ணுக்குள் இருக்கும் நீரை எடுத்துச் சோதித்தால்தான் நம்பலாம்.

மூன்றாவது, கண்ணுக்குள் குறைந்த அளவு ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி, வழக்கமாக 4 மி.கி. குதிரையை நிற்க வைத்தே, அமைதிப்படுத்தியும் மரத்துப்போகச் செய்தும் போடலாம். மற்ற இரண்டையும்விடச் செலவு மிகக் குறைவு. அளவு கூடினால் இதே மருந்து விழித்திரையைக் கெடுக்கும், சரியான அளவிலும் சில கண்களில் கண்புரை வருகிறது. கைப்பழக்கம் உள்ளவரிடம் மட்டும் போங்கள்.

என் தேர்வு இதுதான். ஐரோப்பிய வார்ம்பிளட் (விளையாட்டுச் சவாரிக்கு வளர்க்கும் இனம்) குதிரை, கண் நீரில் லெப்டோஸ்பைரா உறுதி, வசதியும் நல்ல அறுவை மையமும் உண்டு என்றால் விட்ரெக்டமி. பணமோ தூரமோ இடித்தால் ஜென்டாமைசின். அப்பலூசாவுக்கு வில்லை. அந்தப் புள்ளிக் குதிரைகளுக்கு, புள்ளிகளைத் தரும் மரபணுவோடு சேர்ந்தே இந்த நோய்க்கான ஆபத்து வருகிறது. பெரும்பாலும் சிவப்பும் கண்ணீரும் காட்டாமல் உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போகும். அப்பலூசா வைத்திருப்பவர் கண் சிவக்கட்டும் என்று காத்திருக்காமல் வருடத்துக்கு ஒரு தடவையாவது கண் பரிசோதனையும் கண் அழுத்த அளவும் பார்க்க வேண்டும்.

புற ஊதாக் கதிரைத் தடுக்கும் முகமூடி, லாயத்தில் எலி ஒழிப்பு, தேங்கிய தண்ணீரில் குதிரை வாய் வைக்காமல் பார்ப்பது, இவை எந்த வழியைத் தேர்ந்தாலும் கூட வர வேண்டும். அமெரிக்காவில் 2015இல் வந்த லெப்டோஸ்பைரா தடுப்பூசி ஆரோக்கியமான குதிரைக்கானது. ஏற்கெனவே நோயுள்ள கண்ணுக்கு அது சிகிச்சை ஆகாது.

பார்வையும் போய் வலியும் ஓயாத கண்ணை என்ன செய்வது? எடுத்துவிட வேண்டும். இதைச் சொன்னாலே உரிமையாளர்களின் முகம் மாறிவிடும். ஆனால் வலி நின்றதும் குதிரை தீனியிலும் சுபாவத்திலும் பழையபடி ஆவதைப் பார்த்தவர்கள் ஏன் முன்னமே செய்யவில்லை என்றுதான் கேட்கிறார்கள். ஒற்றைக் கண்ணோடு சவாரிக்குத் திரும்பிய குதிரைகள் நிறைய. பார்வையில்லாத பக்கத்திலிருந்து போகும்போது குரல் கொடுத்துக்கொண்டே போங்கள். மிச்சமுள்ள கண்ணையும் மருத்துவர் தவறாமல் பார்த்து வரட்டும், இந்த நோய் பல குதிரைகளில் இரண்டு கண்களையும் தொடுகிறது.